பூ தூவாமல் தண்ணீர் போகாது

ஓசூரில் இருக்கும் எல்லையோர நீர் ஒழுங்குமுறை வாரியத்தில் விழாப் பிரிவுக்கு ஒன்பது பேர், மாரசனப்பள்ளி அணைக்கு இரண்டு பேர். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அணை தானாக நின்றுகொள்ளும், விழா தானாக நடக்குமா?

அந்த இரண்டு பேரில் ஒருவர் ஷட்டரை இயக்கும் முனிராஜ். இன்னொருவன் உதவிப் பொறியாளன் சுடலைமுத்து. அம்பாசமுத்திரத்துப் பையன். நீரியலில் மேல்படிப்பு படித்தவன். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு வரும், எப்போது வரும், கரை தாங்குமா தாங்காதா என்று கணக்குப் போடத் தெரிந்தவன். அந்தக் கணக்குக்காகத்தான் தன்னை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு வந்து சேர்ந்தான். வந்த வாரமே ஒரு கணக்கும் வந்தது. ஷட்டர் பாலத்தின் மேலிருந்து வாரியத் தலைவர் பூ தூவினால், அந்தப் பூ கீழே நிற்கிற கேமராவுக்கு எதிரே வர எவ்வளவு நேரம் ஆகும்? அதைப் பார்த்துத் தலைவர் சிரிக்க வேண்டும். போன தடவை அவர் சிரித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, காரில் ஏறின பிறகுதான் பூ வந்ததாம்.

சுடலைமுத்து ஓட்டத்தின் வேகத்தையும் காற்றின் போக்கையும் பார்த்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தான். அச்சுப் பிசகாமல் அமைந்தது. சிரிப்பும் பூவும் ஒரே படத்தில் விழுந்தன. வாரியத்தில் அவனுக்கு நல்ல பெயர் வந்தது. அதற்குப் பிறகு அவன் போட்ட எந்தக் கணக்கையும் யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

பூ விஷயத்தில் வாரியம் இத்தனை கவனமாக இருப்பதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. முன்பு ஒருமுறை அவசரத்துக்கு ஒரு ஷட்டரைத் தூக்கப்போய், கால்வாய்க் கரை உடைந்து கேழ்வரகுக் கொல்லைகளில் தண்ணீர் புகுந்தது. விசாரணைக் குழு உட்கார்ந்தது. கரையில் பல வருஷமாக ஒரு கூடை மண்கூடப் போடவில்லை என்று விவசாயிகள் சொன்னார்கள். அது எங்கள் வரம்புக்குள் வராது என்று குழு சொல்லிவிட்டது. வரம்புக்குள் வந்தது ஒன்றே ஒன்றுதான். அதுவரை பூ தூவித் திறந்தபோதெல்லாம் கரை உடையவில்லை. அன்றைக்குப் பூ தூவவில்லை, உடைந்துவிட்டது. படித்தவர்கள் நாலு பேர் கூடி யோசித்தால் இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவார்கள்? இனி எக்காரணம் கொண்டும் மலர் தூவாமல் ஷட்டர் உயர்த்தப்படலாகாது என்று விதி பிறந்தது. பாசனத்துக்குத் திறந்தாலும் அதே விதி, வெள்ளத்துக்குத் திறந்தாலும் அதே விதி. வாரியம் பாரபட்சம் பார்ப்பதில்லை.

அணைக்குக் கீழே ஆறு வளைகிற இடத்தில் பாறைக்கொட்டாய் என்று ஒரு சின்ன ஊர். அங்கே கரையை ஒட்டி முனிலட்சுமிக்குப் பட்டன் ரோஸ் தோட்டம். வாரியத்துக்குப் பூ கொடுப்பவள் அவள்தான். ஆற்றோரம் ஒரு மோட்டார், கொட்டகையில் மூன்று மாடுகள், நாலு பக்கமும் ரோஜா. புருஷன் போன பிறகு இத்தனையையும் ஒற்றை ஆளாக நின்று காப்பாற்றி வந்தாள். சுடலைமுத்து ஆற்றை அளக்க வந்தபோது அவனுக்கு மோர் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தண்ணி வுடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லிடு சாமி. மோட்டாரத் தூக்கி வச்சிக்கினு, மாட்ட அவுத்துக்கினு மேலப் பாறைக்குப் போயிடுவேன். வேற ஒண்ணும் வாணாம்."

"சொல்லுதேன்மா. கண்டிப்பா சொல்லுதேன்."

அதைவிட எளிதான வாக்கு உலகத்தில் இல்லை என்று அப்போது அவன் நினைத்தான்.

அந்தப் புதன்கிழமை காலையில் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து போன் வந்தது. பேசியவர் ஹரீஷ்குமார். அங்கே இதே வேலை பார்ப்பவர். கன்னடமும் தமிழும் கலந்து சொன்னார்: இங்கே கொட்டித் தீர்த்துவிட்டது, ஏரியெல்லாம் வழிகிறது, இருட்டுவதற்குள் பெரிய தண்ணீர் உங்கள் அணைக்கு வந்துவிடும். சுடலைமுத்து கணக்குப் போட்டான். ஐந்து ஷட்டரில் இரண்டை இப்போதே கொஞ்சம் தூக்கினால் போதும். அணையில் இடம் கிடைக்கும், வருகிற தண்ணீர் கரைக்குள்ளேயே அடங்கிப் போய்விடும். விட்டுவிட்டால் சாயங்காலம் ஐந்தையும் ஒரே நேரத்தில் முழுக்கத் தூக்க வேண்டியிருக்கும். அப்போது பாறைக்கொட்டாயின் தாழ்ந்த பக்கம் தண்ணீருக்கு அடியில் இருக்கும். ரோஜாத் தோட்டம் அந்தப் பக்கம்தான்.

செயற்பொறியாளர் சௌந்தரராஜனுக்குப் போன் போட்டான். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். வாரியத்தில் அவர் அளவுக்குப் பொறுமையானவர் கிடையாது.

"தண்ணி வருதுங்கறீங்க. சரி. தலைவர் வர்றாரான்னு கேட்டீங்களா?" என்றார். "தம்பி, தண்ணிய யார் வேணும்னாலும் திறந்துடலாம். மாடு முட்டினாக்கூடத் திறக்கும். முறையாத் திறக்கத்தான் வாரியம்னு ஒண்ணு வச்சிருக்காங்க. முறையில்லாமத் திறந்து நல்லது நடந்தா, அது நம்ம கணக்குல வராது. முறையாத் திறந்து கெட்டது நடந்தா, அது இயற்கை. அதுவும் நம்ம கணக்குல வராது. எது நமக்குப் பாதுகாப்புன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க."

கரையோரத்து ஜனங்களுக்காவது ஒரு எச்சரிக்கை கொடுத்துவிடலாமா என்று சுடலைமுத்து கேட்டான்.

"திறக்காத தண்ணிக்கு எச்சரிக்கை குடுத்தா அதுக்குப் பேர் வதந்தி" என்றார் சௌந்தரராஜன்.

தலைவர் கிருஷ்ணப்பன் அன்று சூளகிரியில் புதிய தொழிற்பேட்டையின் வளைவைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார். அவர் நீரியல் படித்தவரல்லர். இரண்டு கல்யாண மண்டபம் வைத்திருந்தவர். எந்த நல்ல காரியத்தையும் நேரம் பார்த்து, ஆளைக் கூட்டி, சாப்பாடு போட்டு நடத்தத் தெரிந்தவர். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை ராகுகாலம், அது கழிந்ததும் புறப்படுவார் என்று சொன்னார்கள்.

அதற்குள் விழாப் பிரிவு வந்து இறங்கிவிட்டது. அனிதா என்ற பெண் அதற்குத் தலைமை. சுறுசுறுப்பு என்றால் அப்படி ஒரு சுறுசுறுப்பு. வந்த வேகத்தில் பந்தல்காரர்களை ஷட்டருக்கு நேர் கீழே, தண்ணீர் வந்து விழுகிற சிமென்ட் தளத்தில் மேடை போடச் சொன்னாள். அங்கே போட்டால்தான் தலைவருக்குப் பின்னால் அணை முழுதாகத் தெரியும். தண்ணீர் அங்கேதானே வரும் என்று சுடலைமுத்து கேட்டான். தலைவர் மேடையில் பேசி முடித்து, மேலே ஏறிப் பூ தூவிய பிறகுதானே தண்ணீர் வரும் என்று அவள் பதில் சொன்னாள். விதிப்படி அவள் சொன்னதுதான் சரி.

பிறகு அண்ணாந்து பார்த்தவள் முகம் வாடிவிட்டது. மூன்றாவது ஷட்டரின் ரப்பர் தேய்ந்து, ஓரத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"தலைவர் வர்றதுக்கு முன்னாடியே தண்ணி வெளிய வந்துக்கிட்டு இருக்கே சார். போட்டோல தெரியுமே" என்றாள்.

ஆகவே, பெருவெள்ளம் வரப்போகிற நாளில், அணையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே போய்விடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை நீரியல் பொறியாளனுக்கு வந்து சேர்ந்தது. அவனும் முனிராஜும் கயிறு கட்டித் தொங்கிக் கோணியைச் சுருட்டி அடைத்தார்கள். கோணி பற்றவில்லை. "போன வருஷத்து பேனரு கெடக்குது சார், அத்த வச்சி அடிச்சிடலாம்" என்றார் முனிராஜ். அதையும் அடித்தார்கள். பேனரில் தலைவர் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். கூப்பிய கைகளுக்கு நடுவிலிருந்து தண்ணீர் மெல்லப் பீச்சியது.

தொங்கிக்கொண்டே சுடலைமுத்து முனிலட்சுமிக்குப் போன் போட்டான். மணி அடித்தது, எடுக்கவில்லை. வதந்தியோ என்னவோ, கொடுத்த வாக்கு வாக்குதான். மேலே ஏறி வந்து மறுபடி போட்டான். அளவுகோலைப் போய்ப் பார்த்தான், தண்ணீர் ஏறியிருந்தது. திரும்பி வந்து போட்டான். நேரில் போய்ச் சொல்லலாம் என்றால், அணையில் பொறியாளர் இல்லாத நேரத்தில் தலைவர் வந்துவிட்டால் என்ன செய்வது என்று அனிதா வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். அவனுக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பாலத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான்.

ராகுகாலம் கழிந்தது. தலைவர் புறப்பட்டார். புறப்பட்டவர் வழியில் நின்றுவிட்டார். சானமாவுக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் நெடுஞ்சாலைப் பக்கம் இறங்கிவிட்டது, வனத்துறைக்காரர்கள் வண்டிகளை மறித்துவிட்டார்கள் என்று கூடவே வந்துகொண்டிருந்த சௌந்தரராஜன் போனில் சொன்னார். யானை எப்போது போகும் என்று சுடலைமுத்து கேட்டான். அது வேறு துறை என்றார்.

மூன்று மணிக்கு மேல் தண்ணீர் ஷட்டரின் தோளைத் தொட்டது. பேனர் விம்ம ஆரம்பித்தது. சுடலைமுத்து கீழே இறங்கி ஓடினான். மேடையில் இருக்கிறவர்களையாவது எழுப்பிவிடலாம் என்று ஓடியவன் மேடைக்குப் பின்னால் போய் அப்படியே நின்றுவிட்டான். அங்கே, நிழலில், கூடை கூடையாகப் பட்டன் ரோஸை வைத்துக்கொண்டு, இதழ் இதழாக உதிர்த்துக்கொண்டிருந்தாள் முனிலட்சுமி. பூவாகத் தூவினால் கேமராவில் உருண்டை உருண்டையாகத் தெரிகிறது, இதழாகத்தான் வேண்டும் என்று விழாப் பிரிவு காலையிலேயே, பந்தல்காரருக்குச் சொல்வதற்கும் முன்னால், ஆள் அனுப்பி அவளைக் கூட்டி வந்திருந்தது. போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"மாடு எங்கம்மா?"

"கொட்டாய்ல கட்டிப் போட்டுட்டுத்தான் வந்தேன். தண்ணி வர்றதுன்னா நீதான் முன்னாடியே சொல்லிடுவியே சாமி" என்றாள் அவள், கை வேலையை நிறுத்தாமல்.

சுடலைமுத்துவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவளை உடனே வீட்டுக்குப் போகச் சொன்னான். மாட்டை அவிழ்த்துப் பாறைக்கு ஏற்று, வேறெதையும் கேட்காதே என்றான். அவள் கேட்கவில்லை. மொபெட்டை உதைத்துக் கிளம்பினாள். அவன் மேடைக்காரர்களை மேலே விரட்டினான். கம்பளம் இருக்கிறதே என்று அனிதா சொல்லிக்கொண்டே ஏறினாள். எல்லோரும் மேலேறிய பிறகு அவன் ஒரு கூடை இதழைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்கு வந்தான்.

முனிராஜ் பொத்தான் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, வேலை போய்விடும் என்று முனகினார்.

"பூ தூவணும்னு தானண்ணே போட்டிருக்கு. யாரு தூவணும்னு போடலல்லா" என்றான் சுடலைமுத்து. கூடையை அப்படியே தண்ணீரில் கவிழ்த்தான். அவன் சிரிக்கவில்லை. "தூக்குங்க."

இரண்டு ஷட்டர்கள் கொஞ்சமாக எழுந்தன. முதலில் போனது தலைவரின் பேனர். பின்னாலேயே மேடை, கம்பளம், சிவப்பு நாற்காலிகள் எல்லாம் வரிசை கலையாமல் போயின. வேகமாக வந்த தண்ணீர் வளைவைத் தாண்டியதும் அடங்கி, கரைக்குள் ஒழுங்காக ஓடியது. அளவுகோலில் மட்டம் ஏறாமல் நின்றது. கணக்கு ஒரு விரல்கடை பிசகவில்லை. வாரியத்தில் சேர்ந்த பிறகு முதல் தடவையாகச் சுடலைமுத்துவுக்குத் தன் படிப்பின் மேல் பிரியம் வந்தது.

முனிலட்சுமியே கூப்பிட்டாள். மாடுகளைப் பாறையில் கட்டிவிட்டாளாம். மோட்டாரைத் தனியாகத் தூக்க முடியவில்லை என்று கவலைப்பட்டாள். விடுங்கம்மா, இனிமேல் தண்ணீர் கரையைத் தாண்டாது, பயமில்லை என்று சொன்னான். அவன் கணக்குப்படி அது சத்தியமான உண்மை. அந்தக் கணக்கில் தலைவர் இல்லை.

யானைகள் போய், தலைவர் வந்தார். வாசலில் கார் நுழைந்ததும் அணையின் சைரன் ஊதியது. வெள்ள எச்சரிக்கைக்காக வாங்கி வைத்த சைரன் அது. சும்மா கிடந்து துருப்பிடிக்கிறதே என்று தலைவரை வரவேற்க ஊதிப் பழகிவிட்டார்கள். கரையோரத்து ஊர்களில் அந்தச் சத்தம் கேட்டால் தலைவர் வந்திருக்கிறார் என்று புரிந்துகொண்டு வேலையைப் பார்ப்பார்கள்.

கிருஷ்ணப்பன் பாலத்தில் நின்று, ஓடிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தார். தாலி கட்ட வந்த மாப்பிள்ளை பந்தி நடப்பதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். கோபப்படவில்லை. மண்டபம் நடத்தியவருக்கு எப்படிப்பட்ட கலாட்டாவையும் சமாளிக்கத் தெரியும்.

"மூடுங்க" என்றார்.

மேலே இருந்து இன்னும் பெரிய தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, இப்போது மூடினால் தாங்காது என்று சுடலைமுத்து மன்றாடினான்.

சௌந்தரராஜன் அவன் தோளில் கை வைத்தார். "மூடினாத்தானே தம்பி திறக்க முடியும்?"

ஷட்டர்களை இறக்கினார்கள். அணை நிறைந்து தளும்பினால் படத்துக்கு நன்றாக இருக்கும் என்று அனிதா சொன்னதால் காத்திருந்தார்கள். காத்திருந்த நேரம் வீணாகாமல் தலைவர் பேசினார். ஒலிபெருக்கி ஆற்றோடு போய்விட்டதால் உரக்கப் பேசினார்.

"மழை இயற்கையோட வேலை. வெள்ளம் வாரியத்தோட வேலை. இயற்கை அது வேலையச் செஞ்சுட்டுது. நாம செய்ய வாணாமா? மத்தியானம் கொஞ்சம் தண்ணி போச்சுன்னு சொல்றாங்க. அது திறப்பு இல்ல, கசிவு. நாம திறக்காம போற தண்ணி எல்லாம் கசிவுதான். ஜனங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். நாம இருக்கற வரைக்கும் நம்மளக் கேக்காம ஒரு வெள்ளம் வராது."

எல்லோரும் கைதட்டினார்கள். முனிராஜ் மட்டும் ஆற்றின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், கீழ பாருங்க" என்று மெல்லச் சொன்னார்.

ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் சட்டென்று நின்றதால் ஆறு குட்டை குட்டையாகிவிட்டிருந்தது. குட்டைகளில் மீன் துள்ளியது. பாறைக்கொட்டாய் ஜனங்கள் கூடையும் கொசுவலையுமாக ஆற்றுக்குள் இறங்கியிருந்தார்கள்.

சுடலைமுத்து சைரன் அறைக்கு ஓடினான். பூட்டியிருந்தது. ஒரு விழாவுக்கு ஒருமுறைதான் ஊதுவது வழக்கம் என்றார் சௌந்தரராஜன். போனை எடுத்தான். இந்த முறை முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ஆறு வத்திடுச்சி சாமி. மீன் புடிக்க வந்த ஆளுங்களக் கூப்ட்டுக்கினு மோட்டாரத் தூக்க எறங்கியிருக்கேன். நீ சொன்ன மாரியே ஒண்ணும் ஆவல."

"எம்மா, எல்லாத்தையும் போட்டுட்டு ஏறிருங்க" என்றான் சுடலைமுத்து. "அங்கன இருக்க அத்தன பேரையும் கூட்டிக்கிட்டுப் பாறைக்கு ஏறிருங்க. நான் சொன்னது தப்பாப் போச்சு. ஏறுங்கம்மா."

பாலத்தில் தலைவர் கை நிறைய இதழை எடுத்துத் தூவினார். முனிராஜ் பொத்தானை அழுத்தினார், ஷட்டர் அசையவில்லை. கரண்ட் இல்லை என்றார். பெட்டியைத் திறந்து மூடினார். ஒயரைத் தடவினார். இன்னொரு தடவை திறந்தார். இரண்டு மொழிகளில் கரண்ட்டைத் திட்டினார். பாலத்து விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன, யாரும் அதைக் கவனிக்கவில்லை. முனிராஜின் கண்ணெல்லாம் சுடலைமுத்துவின் மேலேயே இருந்தது. பாறையின் மேல் ஜனங்கள் ஏறி நிற்பது தெரிந்து சுடலைமுத்து தலையை அசைத்த பிறகுதான் கரண்ட் வந்தது.

அதற்குள் தண்ணீர் ஷட்டரின் தலைக்கு மேல் வழிந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லை, ஐந்தையும் முழுக்கத் தூக்கினார்கள். தண்ணீரோடு நுரையும் பொங்கி, பாலத்தின் உயரத்துக்கு எழுந்து, பூவையெல்லாம் விழுங்கிவிட்டது. படத்தில் பூ விழவில்லை என்று கேமராக்காரர் கையைக் காட்டினார். தலைவர் இன்னொரு தடவை தூவினார், இன்னொரு தடவை சிரித்தார்.

ஆட்கள் தப்பினார்கள். மாடுகள் தப்பின. மோட்டார் போய்விட்டது. ரோஜாத் தோட்டம் இருந்த இடத்தில் ஆறு போய்க்கொண்டிருந்தது. சுடலைமுத்து பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். வெட்கமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதான். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அதையும் படம் எடுத்தார்கள்.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. ஷட்டரை மூடித் திறந்ததைப் பற்றி ஆராய்வது அதன் வரம்புக்குள் வரவில்லை. வரம்புக்குள் வந்தது இதுதான்: தகுதியுள்ள கை மட்டும் பூ தூவிய முந்தைய திறப்புகளில் தோட்டம் எதுவும் முழுகியதில்லை. இந்த முறை முதல் பூவைத் தகுதியில்லாத கை தூவிவிட்டது, முழுகிவிட்டது. ஆகவே பூத்தூவும் தகுதி யாருக்கு உண்டு என்று விதியில் ஒரு வரி சேர்த்தார்கள். காணாமல்போன நாற்காலிகளுக்குச் சுடலைமுத்துவிடம் விளக்கம் கேட்டார்கள். பிறகு, பையன் பூ விஷயத்தில் ஆர்வமுள்ளவனாகத் தெரிகிறான் என்று, அவனை விழாப் பிரிவுக்கு மாற்றி மலர்க் கொள்முதல் பொறுப்பில் உட்கார வைத்தார்கள். அந்தப் பொறுப்பில் இருந்தால் ஷட்டர் பக்கம் போக வேண்டியிருக்காது என்று சௌந்தரராஜன் ஆறுதல் சொன்னார்.

முதல் வேலை, வெள்ள நிவாரணம் வழங்கும் விழாவுக்குப் பூ வாங்குவது. பாறைக்கொட்டாய்க்குத்தான் நிவாரணம். சுடலைமுத்து பூ கேட்கப் போகவில்லை, முகத்தைக் காட்டிவிட்டு வரலாம் என்று போனான்.

முனிலட்சுமி வண்டல் சேற்றுக்குள் நின்று வேரோடு சாய்ந்த செடிகளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். பிடுங்கிய குவியலுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நாற்காலி கிடந்தது. அதில் உட்காரச் சொன்னாள். அவன் உட்காரவில்லை.

"வாக்குக் குடுத்தேன்லா" என்றான்.

"நீ சொல்லித்தானே அத்தினி பேரும் ஏறினோம்" என்றாள் அவள். ஆனால் பயமில்லை என்று நீ சொன்னதை நம்பித்தானே ஆற்றில் இறங்கினேன் என்றும் சொன்னாள். இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள். கொஞ்ச நேரம் செடியைப் பிடுங்கினாள். பிறகு நிமிர்ந்து, "ஒண்ணு கேக்கறேன். உங்க ஆபீஸ்ல தண்ணி வுடறதுன்னு முடிவு பண்ணிட்டா மொதல்ல யாருக்குச் சொல்றாங்கோ?"

அவன் யோசித்தான். ஊருக்குச் சொல்வதில்லை. கலெக்டர் ஆபீசுக்குக் கடிதம் போகும், அது மெதுவாகத்தான் போகும். பந்தல்காரருக்குக்கூட அப்புறம்தான்.

"பூக்காரங்களுக்குத்தாம்மா."

"அப்பிடின்னா தண்ணி வருதா தண்ணி வருதான்னு நாங்க எதுக்குத் தவிக்கணும்? பூவு கேட்டு ஆளு வந்துச்சின்னா மாட்ட அவுக்க வேண்டியதுதான்."

திறக்காத தண்ணீருக்கு எச்சரிக்கை கொடுத்தால் வதந்தி. பூவுக்குச் சொல்லிவைத்தால் அது கொள்முதல். கொள்முதல் இப்போது அவன் பொறுப்பு. வாரியத்தில் வெள்ள முன்னறிவிப்பு என்று ஒன்று நடக்க முடியுமானால் அது இந்தக் கொள்முதல் நாற்காலியிலிருந்துதான் நடக்க முடியும் என்று சுடலைமுத்துவுக்கு உறைத்தது.

அன்றிலிருந்து அவன் கரை நெடுக நடந்தான். ரோஜா வைத்திருப்பவர்கள், கேழ்வரகு போடுபவர்கள், டீக்கடைக்காரர், பாலத்தடியில் லைன் வீடுகளில் இருக்கும் கம்பெனி ஆட்கள் என்று எல்லோரையும் வாரியத்துக்குப் பூ கொடுப்பவர்களாகப் பதிந்தான். வாரியம் மகிழ்ந்து போயிற்று. மலர்க் கொள்முதலில் மக்கள் பங்கேற்பு என்று தலைவர் இரண்டு மேடைகளில் பேசினார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களிலேயே இவன்தான் உருப்படியானவன் என்று சௌந்தரராஜன் பாராட்டினார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் ஹரீஷ்குமார் கூப்பிட்டார். எல்லைக்கு அந்தப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது என்றார். சுடலைமுத்து ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தான். அணைக்கு வேண்டிய பூவை ஓசூர் மார்க்கெட்டில் சொல்லிவிட்டு, முனிலட்சுமியைக் கூப்பிட்டான். அவள் புதிதாக நட்ட ரோஜாக்குச்சிகள் இன்னும் ஒரு பூகூடப் பூக்கவில்லை.

"எம்மா, வாரியத்துலேருந்து பேசுதேன். நாளைக்கு ஒரு கிலோ பட்டன் ரோஸ் வேணும்."

"ஆவட்டும் சாமி" என்றாள். விலை கேட்கவில்லை. போனை வைக்க மறந்துவிட்டாள் போலிருக்கிறது. மாட்டுச் சங்கிலி கழலும் சத்தம் அவனுக்குக் கேட்டது. ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. மூன்றும் கழன்ற பிறகு அவன் டீக்கடைக்காரருக்குப் போன் போட்டு அவரிடமும் ஒரு கிலோ ரோஜா கேட்டான்.